பீரோவில் பூட்டிய நத்தைகள்

உப்பளம் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நீர்வழி நோய் ஆய்வுப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. நோய் எதுவும் இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலிடத்துக்கு எழுதி அனுப்புவதுதான் அதன் முக்கிய வேலை. அந்த வேலையை அது பல வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் செய்து வந்தது.

பரீதா அங்கே ஒப்பந்த ஊழியர். கொசுப் புழுக்களை எண்ணுவதற்காக அவளை எடுத்திருந்தார்கள். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை அவளை வேலையிலிருந்து நீக்கி, ஒரு நாள் விட்டு, புது ஆளைச் சேர்ப்பது போல மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நடுநாளிலும் அவள் வந்து புழுக்களை எண்ணிவிட்டுப் போவாள். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, நன்றி சொல்வதும் இல்லை.

அஞ்சலாட்சி அந்த மாடிப்படி ஏறி வந்தது ஒரு திங்கட்கிழமை. முப்பத்து நான்கு வயது இருக்கும். கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் எருமைக் குட்டை என்று ஒரு குட்டை. ஒரு கரையில் எருமைகள் ஊறிக்கொண்டிருக்கும், மறு கரையில் தாமரை பூத்துக்கொண்டிருக்கும். அஞ்சலாட்சி காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தாமரை பறித்து, பஸ் ஏறி, பெரிய மார்க்கெட்டில் கொண்டுவந்து விற்பாள். இரண்டு வாரமாகக் காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரிப்பு. அவள் உட்காரும் வரிசையில் இருந்த அமிர்தவல்லி முதலில் கூடையை நகர்த்தினாள், பிறகு வாயைத் திறந்தாள். பூ வாங்க வந்தவர்கள் பூவைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள். கடைசியில் மார்க்கெட் மேஸ்திரி வந்து, சுகாதாரக்காரர்களிடம் பேப்பர் வாங்கி வந்தால்தான் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்.

"இது ஒட்டாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும் மேடம்" என்றாள் அஞ்சலாட்சி. "அதக் காட்டிட்டு நான் பாட்டுக்கு உக்காந்துக்குவேன்."

கூடவே அவளுடைய மகள் வந்திருந்தது. ஆறு வயதிருக்கும். பெஞ்சின் இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் மகள், நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். பிள்ளையின் தலைமுடியை யாரோ அவசரமாக ரப்பர் பேண்டு போட்டு ஒரு பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். பரீதா அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

மறுநாளே பரீதா குட்டைக்குப் போய்விட்டாள். ஜீப்பை எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால் பஸ்ஸில் போனாள். தாமரை இலைகளின் அடிப்புறத்தில் நத்தைகள் அப்பியிருந்தன. வாயில் மூடி உள்ள பெரிய உருண்டை நத்தைகளை ஒதுக்கினாள். அவற்றை மூலத்துக்கு நல்லதென்று ஊரே கறி வைத்துச் சாப்பிடுகிறது. அவள் தேடியது வேறு. கூம்பு எழும்பாமல் கொசுவர்த்திச் சுருள் போலத் தட்டையாகச் சுற்றியது, வாய்க்கு மூடி இல்லாதது. அப்படி நாற்பது கிடைத்தன. அலுவலகத்துக்கு வந்து, கழுவிய ஜாம் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றி, நத்தைகளைப் போட்டு, காலை வெயில் விழும் ஜன்னலில் வைத்தாள்.

ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் உயிர் பெற்றது. பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் மேலே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வால், வாலின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பாடப் புத்தகத்தில் செர்க்கேரியா என்று பார்த்த அதே புழுக்குஞ்சு. எருமையின் சாணத்தோடு முட்டை தண்ணீருக்கு வரும், நத்தைக்குள் வளரும், வெயில் பட்டால் வெளியே வந்து மறுபடியும் எருமையைத் தேடும். எருமைக்குப் பதிலாக அஞ்சலாட்சியின் கால் கிடைத்தால் அதற்குள் நுழையும். நுழைந்த பிறகுதான் வீடு மாறி வந்துவிட்டது தெரியும். அங்கேயே சாகும். அந்தச் சாவுதான் அரிப்பு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் போக அதற்கு வழியே இல்லை.

ஆக, எல்லாம் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. இனி அதை அலுவலகத்துக்குத் தெரியவைக்க வேண்டும். அது வேறு சங்கதி.

துணை இயக்குநர் கிருஷ்ணசாமி ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் எந்தக் காகிதமும் தன் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். பரீதா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கூப்பிட்டதற்கு, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்றார்.

"நீ பாத்தது சரி. ஆனா நீ பாத்தா அது பாத்த மாதிரி ஆவாதும்மா. கமிட்டி பாக்கணும்" என்றார். "அதுவரைக்கும் அந்தப் பொம்பளகிட்ட வாயத் தொறக்காத. ஒண்ணு கெடக்க ஒண்ணாச்சுன்னா யாரு பதில் சொல்றது? உனக்கு அடுத்த மாசம் ரின்யூவல் வேற வருதில்ல?"

பரீதா தலையாட்டினாள். ரின்யூவல் என்ற சொல்லை அவர் சொன்ன பக்குவத்தை மட்டும் வீட்டுக்குப் போய்க் கணவன் ரிஹானிடம் நடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நத்தைகள் இனிமேல் சான்றுப் பொருள் என்று கண்காணிப்பாளர் இராமதாஸ் முடிவு செய்தார். சான்றுப் பொருளை ஜன்னலில் வைக்கலாமா? காக்கா தூக்கிக்கொண்டு போனால் தணிக்கையில் என்ன சொல்வது? பாட்டில் இரும்பு பீரோவுக்குள் போயிற்று. சாவி இராமதாஸின் இடுப்புக்குப் போயிற்று. பரீதா தினமும் மாலையில் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டு, அவர் முன்னிலையில் பீரோவைத் திறந்து, தண்ணீர் மாற்றி, ஒரு கீரை இலையைப் போட்டுவிட்டு மூட வேண்டும்.

"சார், இது வெளிச்சம் பட்டாத்தான் புழு விடும். இருட்டுல வச்சா ஒண்ணும் வராது" என்றாள் பரீதா.

"ஒண்ணும் வராம இருந்தா நல்லதுதானம்மா" என்றார் இராமதாஸ். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்து கமிட்டி. கமிட்டியில் நத்தை பற்றி அறிந்த ஒரு வெளி ஆள் இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு பழைய சுற்றறிக்கை சொன்னது. கால்நடைத் துறைக்கு எழுதினார்கள். கல்லூரிக்கு எழுதலாம் என்று பரீதா சொன்னதற்கு, அவர்கள் பதில் போட ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அப்போதுதான் கிருஷ்ணசாமிக்கு யோசனை வந்தது. அவர் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அந்தப் படிப்பில் அவரிடம் மிஞ்சியிருந்தது இருபது முப்பது சொற்கள்தான், அதில் ஒன்று எஸ்கார்கோ. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பூண்டும் போட்டுச் சாப்பிடும் நத்தை. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் முப்பது வருடமாக அதைச் சமைத்துக்கொண்டிருக்கும் அந்தோணி என்பவரை அவருக்குத் தெரியும்.

"முப்பது வருஷ அனுபவம்" என்றார் கிருஷ்ணசாமி. "நம்ம ஊருல நத்தையில அவர விட்டா யாரு இருக்கா?"

ஊரில் யாருக்கும் தோன்றாத யோசனைதான். மலேரியாவுக்குக் கொசுவலை தைக்கிறவரைக் கூப்பிடாமல் விட்டார்களே என்று பரீதா நினைத்துக்கொண்டாள். அன்றைக்கும் வீட்டில் நல்ல சிரிப்பு.

இதற்கிடையில் அஞ்சலாட்சி ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தாள். பஸ் ஏறி வருவாள், பெஞ்சின் கோடியில் உட்காருவாள், மகள் மறு கோடியில் உட்காரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கும் அரிப்பு இருக்குமோ என்று தனியாக உட்கார வைத்துவிட்டார்களாம், அதனால் கூட்டிக்கொண்டு அலைகிறாளாம்.

"வந்துச்சா மேடம்?"

"ரிப்போர்ட் வரட்டும்க்கா" என்பாள் பரீதா.

இராமதாஸ் அதே கேள்விக்கு, ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பார். கிருஷ்ணசாமி, அந்தம்மாவைப் படிக்கட்டிலேயே உட்காரச் சொல்லு, பெஞ்சுக்கு ஏன் வருது என்பார். இவர்களுக்கெல்லாம் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதா என்று பரீதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அஞ்சலாட்சி படியிறங்கிப் போவதை மேலிருந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கொசுப் புழுக்களை எண்ணப் போவாள்.

பதினேழாம் நாள் கமிட்டி கூடியது. கால்நடைத் துறைக்காரர் வரவில்லை, கூட்டம் சிறக்க வாழ்த்து அனுப்பியிருந்தார். கிருஷ்ணசாமி தலைவர், இராமதாஸ் செயலாளர், அந்தோணி வல்லுநர். ஒப்பந்த ஊழியருக்கு நாற்காலி இல்லை என்பதால் பரீதா சுவரோரம் நின்றாள். சுவரில் படம் போட்டுக் காட்டுவதற்காக ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, ஏ.சி.யைப் போட்டு, அறையை மாட்டுக் கொட்டகை போல இருட்டாக்கியிருந்தார்கள். அந்த இருட்டில், இன்னொரு இருட்டிலிருந்து எடுத்து வந்த பாட்டில் மேசை மேல் இருந்தது. தண்ணீர் தெளிவாக, அப்பழுக்கில்லாமல் இருந்தது.

முடிவை இராமதாஸ் முந்தைய நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தார். நேரத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. அவர் வாசித்தார்:

"மேற்படி நத்தைகளில் நோய்க் காரணி எதுவும் கமிட்டியால் காணப்படவில்லை. எனவே மேற்படி அரிப்பு மனிதர் மூலம் பரவுவதாகக் கருதி, மேற்படி பூ வியாபாரியை மார்க்கெட் வளாகத்தில் நிரந்தரமாக அனுமதிக்க வேண்டியதில்லை எனப் பரிந்துரைக்கப்படுகிறது."

 பேப்பர் கிடைக்காமல் போகும் என்றுதான் பரீதா பயந்திருந்தாள், இப்படி ஒரு பேப்பர் வரும் என்று நினைக்கவே இல்லை.

"மிசியே அந்தோணி, நீங்க ஒரு கையெழுத்து" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார் கிருஷ்ணசாமி.

அந்தோணி பேனாவை வாங்கவில்லை. அறுபது வயது, கை நிறையச் சூடுபட்ட தழும்பு.

"மிசியே, ஒண்ணு சொல்லணும். எனக்கு நத்தை டின்ல வரும்" என்றார். "பிரான்சுலேர்ந்து வரும். நான் டின்னத் தொறந்து, வெண்ண போட்டு அடுப்புல வைக்கிறேன். உயிரோட ஒரு நத்தைய நான் இவ்ளோ கிட்டத்துல பாத்தது இன்னைக்குத்தான்."

முப்பது வருட அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் தனக்குத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பதைப் பரீதா கவனித்தாள். அந்த மனிதரைச் சொல்லி வீட்டில் சிரித்தது இப்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அதெல்லாம் பரவால்ல. ஃபார்மாலிட்டிதான்" என்றார் கிருஷ்ணசாமி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

ஏ.சி. நின்று ஐந்து நிமிடத்தில் அறை புழுங்கியது. யாரும் சொல்வதற்கு முன்னால் பரீதா போய்த் திரைகளை முழுவதும் விலக்கினாள். வெயில் மேசையின் பாதி வரை வந்தது. டீ வைக்க இடம் பண்ணுவது போல, பாட்டிலை அந்தப் பாதிக்குத் தள்ளினாள். கரண்ட் வந்தால்தான் தட்டச்சில் தேதியைத் திருத்த முடியும் என்று இராமதாஸ் சொன்னார். டீ வந்தது. கரண்ட் வரவில்லை. கிருஷ்ணசாமி தன் பேரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மகள் துபாயிலிருந்து சாயங்காலம் வருகிறாள், எட்டு மாதக் குழந்தை, இன்னும் அவர் கையில் தூக்கவில்லை. செல்போனில் படம் காட்டினார். குழந்தை நன்றாகத்தான் இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அந்தோணி படத்தைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிசியே, தண்ணி கலங்குது" என்றார்.

இரண்டு வாரம் இருட்டில் கிடந்த நத்தைகள். அத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே வெயிலில் விட்டுக்கொண்டிருந்தன. ஜன்னலில் முதல் நாள் பார்த்ததைவிடப் பல மடங்கு. அந்தோணி மூக்கு பாட்டிலில் இடிக்கக் குனிந்து பார்த்தார்.

"இதுங்க நீந்துது. வால் இருக்குது."

"தூசிய்யா அது" என்றார் கிருஷ்ணசாமி. "என்னம்மா பரீதா, தண்ணிய ஒழுங்கா மாத்தலயா நீ?" என்று கேட்டுக்கொண்டே, மூடியை எடுத்து, தூசியை எடுப்பதற்காக வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார்.

"கைய எடுங்க."

பரீதா அலுவலகத்தில் அந்தக் குரலில் பேசியதே இல்லை. சார் என்று சேர்க்கவும் மறந்துவிட்டாள். தன் துப்பட்டாவாலேயே அவர் கையை அழுத்தித் துடைத்தாள். பத்து நிமிடத்தில் விரலில் எறும்பு கடிப்பது போல இருக்கிறது என்றார். இன்னும் சற்று நேரத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கிருஷ்ணசாமி தன் கையையே உடம்பிலிருந்து தள்ளி நீட்டி வைத்துக்கொண்டார். இராமதாஸ் தன் நாற்காலியை ஓசைப்படாமல் இரண்டடி நகர்த்தினார்.

"ஒட்டுமா இது?" என்றார் கிருஷ்ணசாமி. "சாயங்காலம் பேரனத் தூக்கணும்."

"ஒட்டாது சார். மொத நாளே சொன்னேன். புழு உள்ளயே செத்துடும். நீங்க தாராளமாத் தூக்கலாம்."

"வாயால சொன்னா வீட்டுல யாரு நம்புவா? எம் பொண்டாட்டி கைய வெட்டிட்டு வான்னுவா. எழுத்துல குடு."

"நான் எழுதினா செல்லாதுங்களே சார். ஒப்பந்தம்."

"நீ எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். இராமதாசு, சீலக் கொண்டா."

கரண்ட் இல்லாததால் பரீதா லெட்டர்பேடில் கையாலேயே எழுதினாள். எருமைக் குட்டைத் தண்ணீரில் உள்ள நத்தைகளிலிருந்து வரும் புழுவால் உண்டாகும் இந்த அரிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொடுவதாலோ, துணியாலோ, பூவாலோ ஒட்டாது. குட்டையில் இறங்கிய எவருக்கும் இது பொருந்தும்.

"பூ எதுக்கு?" என்றார் கிருஷ்ணசாமி.

"முழுசா இருக்கட்டும் சார். வீட்டுல அம்மா கேப்பாங்க."

அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். நிறையவே கோணியது. சீல் விழுந்தது, அனுப்புகை எண் விழுந்தது, இரண்டு பிரதி. எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம். அஞ்சலாட்சியின் இரண்டு கால்களும் பதினேழு நாளில் அசைக்க முடியாததை ஒரு கட்டைவிரல் ஏழு நிமிடத்தில் அசைத்தது. முந்தைய நாள் தட்டச்சு செய்த முடிவை அந்தோணி எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பரீதா அரைநாள் விடுப்புக்கூட எழுதாமல் ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். வழியெல்லாம் மனசு துள்ளியது. ரிஹானிடம் இதை எப்படி நடித்துக் காட்டுவது என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டாள்.

அஞ்சலாட்சி பூ வரிசையில் இல்லை. மீன் பக்கத்து வாசலுக்கு வெளியே, கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கூடையில் இருந்த தாமரைகள் கறுத்துச் சுருண்டிருந்தன. மகள் எதிர்ச் சுவரோரம் தனியாக உட்கார்ந்து தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பரீதா பேப்பரை மேஸ்திரியிடம் காட்டினாள். அவர் எழுத்தைப் படிக்கவில்லை, சீலைத் தடவிப் பார்த்தார். சரி, பழைய இடத்திலேயே உட்காரட்டும் என்றார். அமிர்தவல்லி, நான் எப்பவோ சொன்னேன், அது ஒண்ணும் இல்லன்னு, என்று கூடையை இழுத்து இடம் விட்டாள்.

அஞ்சலாட்சி பேப்பரை இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்குப் படிக்க வராது.

"என்னா எழுதியிருக்குது மேடம்?"

பரீதா வாசித்துக் காட்டினாள். தொடுவதாலோ என்ற இடம் வந்ததும் அஞ்சலாட்சி நிறுத்தச் சொன்னாள்.

"தொட்டாலும் ஒட்டாதா?"

"ஒட்டாதுக்கா."

"இது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

பரீதாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய வெற்றியில் தன் பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை வேறு இருந்தது.

"எனக்கு மூணாம் நாளே தெரியும்க்கா. நான்தான் கண்டுபிடிச்சேன். அந்தக் கமிட்டி, பேப்பர்னுதான் இவ்ளோ நாள் இழுத்துட்டாங்க. நான் சொன்னா மார்க்கெட்டுல யாரு நம்புவாங்க, சொல்லுங்க."

அஞ்சலாட்சி கோபப்படவில்லை. எதிர்ச் சுவரோரம் பார்த்தாள்.

"மார்க்கெட்டுக்கு வேணாம்" என்றாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. பதினேழு நாளா எம் பொண்ணுக்கு நான் தலை பின்னல."

பரீதா வாயைத் திறந்தாள். ரிப்போர்ட், ரின்யூவல், கமிட்டி என்று வரிசையாக வந்தன. அவள் அத்தனை நாள் நடித்துக் காட்டிச் சிரித்த குரல்கள் எல்லாம் அவள் தொண்டையில்தான் இருந்தன. அசிங்கமாக இருந்தது.

அஞ்சலாட்சி பேப்பரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். பிள்ளை எழுந்து வந்து, பழகிப்போன தூரத்தில், நான்கடி தள்ளி நின்றது.

"கிட்ட வா" என்றாள் அஞ்சலாட்சி.

அது நகரவில்லை. அம்மாவையும் பரீதாவையும் மாறி மாறிப் பார்த்தது. அரசாங்கத்து ஆளிடம் அனுமதி கேட்கிற பார்வை அது. வரட்டும் என்று பரீதா தலையாட்டிய பிறகுதான் ஓர் அடி எடுத்து வைத்தது.